பதினொரு நாள் பழக்கம்

"இதை வாசி" என்று சொல்லி, அட்கின்ஸ் அம்மா நீல அட்டைப் புத்தகம் ஒன்றை மேசைமேல் பெரியாயியின் பக்கம் திருப்பி வைத்தார்.

அது விடுதிப் பெண்களின் நடத்தைப் புத்தகம். அதில் தனக்கென்று ஒரு பக்கம் இருப்பதே பெரியாயிக்கு அதுவரை தெரியாது. பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு வரிதான் இருந்தது. முன்பு விடுதியைப் பார்த்துக்கொண்ட மேட்ரனின் சாய்ந்த கையெழுத்து. நான்கு வருஷத்துக்கு முந்திய தேதி. 'கடிகாரம் திருடியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.' அதன் கீழே வெறும் கோடுகள்.

பெரியாயி வந்தது ஒரு நற்சாட்சிப் பத்திரம் கேட்க. 1913ஆம் வருஷம் டிசம்பர் பதினாறாந் தேதி, செவ்வாய்க்கிழமை அது. கொழும்பில் ஆசிரியப் பெண்களைப் பயிற்றுவிக்கும் கலாசாலைக்கு அவள் விண்ணப்பம் எழுதி வைத்திருந்தாள். டாக்டரின் அத்தாட்சி இருந்தது, பரீட்சைப் புள்ளிகள் இருந்தன. குறைந்தது மூன்று வருஷம் தன்னை அறிந்த தலைமையாசிரியையின் கடிதம் ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமைக்குள் எல்லாம் கொழும்பில் இருக்க வேண்டும். அதற்கு வியாழக்கிழமை மத்தியானம் பதுளையிலிருந்து பண்டாரவளை ரயிலுக்குப் புறப்படும் தபால் வண்டியில் விண்ணப்பக் கட்டு ஏறியாக வேண்டும்.

அந்தக் கடிதத்தை எழுதுவதாகச் சொல்லியிருந்தவர் பெம்பர்ட்டன் அம்மா. ஆறு வருஷம் அந்த மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் அவர். பெரியாயி பிறந்து வளர்ந்த ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு ஒருநாள் வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கரித்துண்டால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தவளை விடுதிக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இருபது நாளில் ஆளே உருமாறிப்போனார். கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சீமைக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். கடிதத்தைப் பற்றி அவருக்கு நினைவுபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை. மேட்ரன் தெற்கே காலி நகரத்துக்குப் போன இடத்தில் இறந்துபோனாள். தமிழ் படிப்பித்த டீச்சர் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். திருநெல்வேலியிலிருந்து புதுத் தலைமையாசிரியையாக அட்கின்ஸ் அம்மா வந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

"நான் எடுக்கல அம்மா" என்றாள் பெரியாயி.

"எடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. எழுதியிருக்கிறது." அட்கின்ஸ் அம்மா தமிழை அச்சடித்தது போலப் பேசுவார். "நடந்தது என்ன என்று சொல்."

பெரியாயி சொன்னாள். மேட்ரனின் அறையைக் கூட்டுவது அப்போது அவள் முறை. ஜன்னல் கட்டையில் கழற்றி வைத்த சின்னக் கடிகாரம் காணாமல் போனது. அறைக்குள் போனவள் அவள் ஒருத்திதான் என்று மேட்ரன் சாதித்தாள். அன்று மத்தியானமே மூட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்கடியில் கடிகாரம் கிடைத்தது. வெளியூர் போயிருந்த பெம்பர்ட்டன் அம்மா திரும்பி வந்து விசாரித்து, அவரே வண்டி பிடித்துத் தோட்டத்துக்கு வந்து அவளை அழைத்துப் போனார்.

"கடிகாரம் கிடைத்ததாக இதில் எழுதவில்லையே."

"பெம்பர்ட்டன் அம்மாவுக்குத் தெரியும்."

"அவர் கடலில் இருக்கிறார். நான் எழுதி அவர் பதில் எழுத இரண்டு மாதம் ஆகும்." அட்கின்ஸ் அம்மா புத்தகத்தை மூடவில்லை. "கிணற்றடியில் அதை வைத்தது யார்?"

பெரியாயி தரையைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது அம்மா."

சொன்னதுமே காது இரண்டும் சூடேறியதை அவள் உணர்ந்தாள். அட்கின்ஸ் அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, எழுதாமல் கீழே வைத்தார்.

"சின்ன வகுப்புக்கு நீ படிப்பிப்பதை நான் கவனித்தேன். நன்றாகச் செய்கிறாய். ஆனால் நடத்தையைப் பற்றி அவர்கள் கேட்கிறார்கள். நான் அறியாததற்குக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு வேறொரு பெண்ணுக்கு நான் போடும் கையெழுத்துக்கு மதிப்பு இருக்காது. இந்த வரியை மறைத்து எழுதவும் என்னால் முடியாது. உண்மை தெரிந்தவர் யாராவது இருந்தால் வரச் சொல். வியாழக்கிழமை மத்தியானம் வரை காத்திருப்பேன்."

அன்றோடு பள்ளிக்கூடம் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு மூடிவிட்டது. பெரியாயி மூட்டையோடு ஸ்பிரிங்வெளிக்கு நடந்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஏறுபாதை முழுவதும் சேறு. அந்த ஏழெட்டு மைலும் அவள் கண்ணுக்குள் இருந்தது அந்தக் கிணற்றடிதான்.

அவள் அட்கின்ஸ் அம்மாவிடம் பொய் சொல்லியிருந்தாள். கடிகாரத்தை எடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடக்கும்போது, ஜெனீரா கிணற்றடியில் குனிந்து, கல்லுக்கடியில் பளபளவென்று ஏதோ ஒன்றைத் திணிப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். ஜெனீராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த அலவியின் மகள். முஸ்லிம் வீட்டுப் பெண்ணை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்று தெருவே முகம் சுளித்தபோது, இரண்டு வருஷத்துக்காவது என்று பிடிவாதமாக அனுப்பி வைத்தவர் அவர். ஒரு வார்த்தை வெளியே வந்தால் ஜெனீரா அன்றைக்கே வீட்டோடு நின்றுபோவாள் என்று பெரியாயி நினைத்தாள். அவளாகவே சொல்லிவிடுவாள் என்றும் நினைத்தாள். லயத்துப் பெண் சொல்வதையா, கடைக்காரர் மகள் சொல்வதையா, எதை நம்புவார்கள் என்ற பயமும் இருந்தது. கடிகாரம் கிடைத்து, பெம்பர்ட்டன் அம்மா வந்து அழைத்துப் போன பிறகு, அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று விட்டுவிட்டாள்.

லயத்துக்கு அவள் வந்து சேரும்போது அவளுடைய ஆத்தா கருப்பம்மா கொழுந்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கடுதாசி குடுத்தாங்களா?"

பெரியாயி நடந்ததைச் சொன்னாள். ஜெனீராவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"யாரு எடுத்தான்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும் ஆத்தா."

"தெரிஞ்சுகிட்டா தெரியாதுன்னுட்டு வந்த?" கருப்பம்மாவின் குரல் பக்கத்து வீட்டு வரைக்கும் கேட்டது. "கங்காணி இன்னிக்கிக் காலையிலயும் கேட்டாரு. ஒண்ணாந் தேதியிலருந்து உம் மக பேரு கொழுந்தெடுக்குற ஆளுங்க பெரட்டுல இருக்கணும், படிப்புத்தான் முடிஞ்சுபோச்சேங்குறாரு. உங்கப்பன் போயி அஞ்சு வருசமா நான் ஒத்தயில கொழுந்து எடுக்குறேன். நீ டீச்சராகுறேன்னு சொன்னதுனால வாயத் தொறக்காம இருக்கேன். எவளோ செஞ்சதுக்கு நீ இந்தக் கூடயத் தூக்கப் போறியா?"

"அது இப்ப கட்டிக்கிட்டுப் போயிருச்சு ஆத்தா. நான் போயிச் சொன்னா அது வாழ்க்க என்னாகும்?"

"உன் வாழ்க்க என்னாகும்?"

கருப்பம்மா அதற்குமேல் பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை மகளின் முன்னால் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் பெரியாயி மறுபடியும் பதுளைக்கு நடந்தாள்.

ஜெனீராவைப் பாறூக் என்பவருக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷமாகியிருந்தது. பாறூக் பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. முன்பக்கம் ஆண்கள் நிறையப் பேர் நின்றதால், பெரியாயி சந்து வழியாகப் போய்ப் பின்கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவள் பாறூக்கின் தாய் ரஹ்மத்தும்மா. உயரமான பெண், வெள்ளைத் துணியால் தலையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

"யாரு புள்ள நீ?"

"ஜெனீராவோட பள்ளிக்கூடத்துல படிச்சவங்க அம்மா. பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

ரஹ்மத்தும்மா அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். சேறு முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. "கால்ல தண்ணி ஊத்திக்கிட்டு உள்ளுக்கு வா" என்றாள்.

ஜெனீரா உள்ளறையிலிருந்து வந்தாள். கன்னம் பூரித்திருந்தது. வயிறு லேசாகத் தெரிந்தது. ஐந்து மாதம் இருக்கும். பெரியாயியைக் கண்டதும் "அக்கா!" என்று ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

பாயில் உட்கார்ந்தார்கள். ரஹ்மத்தும்மா எதிரில் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தாள். எழுந்து போகிற மாதிரி இல்லை. பிள்ளைகள் எப்படி, கிணற்றடிக் கொய்யா இன்னும் காய்க்கிறதா என்றெல்லாம் ஜெனீரா கேட்டாள். பெரியாயி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், வேறு வழி தெரியாமல், பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள்.

"உன் மாமிக்குத் தெரியக்கூடாது என்றுதான் இப்படிப் பேசுகிறேன். சிரித்த முகமாகவே இரு. மேட்ரனின் கடிகாரம் நினைவிருக்கிறதா?"

ஜெனீராவின் சிரிப்பு அப்படியே நின்றது. "எந்தக் கடிகாரம்?" என்று அவளும் ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"நீ கல்லுக்கடியில் வைத்ததை நான் பார்த்தேன்."

"நான் வைக்கவில்லை."

"ஜெனீரா, நான்கு வருஷமாக ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. இப்போது அந்தப் புத்தகத்தில் நான் திருடி என்று இருக்கிறது. நாளை மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் எனக்குக் கலாசாலை இல்லை. நீ புது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ அப்போது சின்னப் பிள்ளை. யாரும் உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள்."

"என்ன பாஷ பேசுறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் ரஹ்மத்தும்மா.

"பழைய பாட்டு ஒண்டு மாமி. நெனவு வந்திச்சி" என்றாள் ஜெனீரா. அவள் கைவிரல்கள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தன. பெரியாயியிடம் மறுபடி ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள். "உங்களுக்குத் தெரியாது அக்கா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்று என்னை எடுக்கவே இவர்களுக்கு விருப்பம் இருக்கவில்லை. என் வாப்பா ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினார். இப்போது நான் திருடி என்றால் இவர்கள் என்னையா திட்டுவார்கள்? வாப்பாவைத்தான். படிக்கப் போட்டாயே, பார் என்பார்கள். தங்கச்சிமாரை யார் எடுப்பார்கள்? என்னால் ஏலாது. போய்விடுங்கள்."

"நான் என்ன செய்யட்டும்?"

"போய்விடுங்கள்" என்று ஜெனீரா மறுபடி சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ரஹ்மத்தும்மா வெற்றிலை மடிப்பதை நிறுத்தினாள். "அந்தப் பாட்டுல என்ன ஈக்கிது புள்ள, அவள் இப்பிடி அழுறத்துக்கு?"

பெரியாயி எழுந்து கும்பிட்டாள். "ஒண்ணுமில்லீங்க அம்மா. நான் வாறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே வந்தாள். பதுளை ஓயா ஆற்றுப் பாலம் வரைக்கும் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பாலத்தில் நின்று, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெயரைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். கால்கூட ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பியது. ஜெனீராவின் வயிறு நினைவுக்கு வந்தது. ஆத்தாளின் முதுகும் நினைவுக்கு வந்தது. கலங்கி ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். மழை வலுத்ததும் வீட்டுப் பக்கமே நடந்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் ஒரு முடிவோடு புறப்பட்டாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் தெரியாது என்று சொன்னது பொய் என்பதை மட்டும் அட்கின்ஸ் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

வழியில் ஓரிடத்தில் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பள்ளிக்கூட கேட்டுக்கு வரும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. கேட்டடியில் ஒரு கூண்டுவண்டி நின்றது. பக்கத் திரைகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. யாரோ பிள்ளை சேர்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அட்கின்ஸ் அம்மாவின் அறையில், மேசைக்கு முன்னால் ரஹ்மத்தும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் ஜெனீரா நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

பெரியாயி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா" என்றார் அட்கின்ஸ் அம்மா. "இவர்கள் பத்து மணியிலிருந்து இருக்கிறார்கள். நீயும் கேட்க வேண்டும் என்று சொன்னார்கள்."

ரஹ்மத்தும்மா திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "நேத்து நீ போன பொறகு இவள் சோறு தின்னல்ல. நான் கேட்டேன். அந்தி மஃரிபுத் தொழுக வரைக்கும் வாயத் தொறக்கல்ல. பொறகு எல்லாத்தையும் செல்லிட்டாள்." அவள் விரல் பின்னால் நின்ற ஜெனீராவைச் சுட்டியது. "களவு சின்னக் காரியமில்ல. ஆனா செய்யாதவள்ட தலையில களவப் போட்டுட்டு, அவள் சொமக்கக்குள்ள பாத்துக்கிட்டு நிண்டாளே, அதத்தான் என்னால தாங்க ஏலாம ஈக்கிது. எங்கட வூட்டுக்கு ஒரு புள்ள வரப் போகுது. அதுக்கு முந்தி இது தீரணும். செல்லு ஜெனீரா."

ஜெனீரா சொன்னாள். கடிகாரத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே சின்ன முள் ஓடும் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்க ஜன்னல் வழியாகக் கைவிட்டு எடுத்தாள். திருப்பி வைக்கப் போவதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது. பெரியாயியை அனுப்புவதைப் பார்த்ததும் பயந்து கிணற்றடியில் ஒளித்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாள் போனது. பிறகு கடிகாரமும் கிடைத்தது, பெரியாயியும் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு சொல்லத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா பாத்தது எனக்கு நேத்துத்தான் தெரியும்" என்று முடித்தாள்.

அட்கின்ஸ் அம்மா நடத்தைப் புத்தகத்தைத் திறந்து பேனாவை மையில் தோய்த்தார்.

ரஹ்மத்தும்மா சட்டென்று எழுந்து கையை நீட்டி அந்தப் பக்கத்தை மறைத்தாள். "இவள்ட பேர எழுத வேணாம்."

"உண்மையை எழுதத்தானே அழைத்து வந்தீர்கள்?"

"பழிய அழிக்கத்தான் கூட்டி வந்தேன். இன்னொருத்திட பேர அந்த எடத்துல போட இல்ல. எண்ட மகனுக்கு இது தெரியாது. இந்தப் புத்தகம் நீங்க போன பொறகும் இங்க ஈக்கும். நாளைக்கு வாறவங்க தொறந்து பாப்பாங்க. இந்தப் புள்ளைக்கு நடந்தது இவளுக்கும் நடக்கணுமா?"

அட்கின்ஸ் அம்மாவின் பேனா அந்தரத்திலேயே நின்றது. பெயரில்லாமல் எழுதினால் அந்த வரிக்கு என்ன பெறுமதி என்று யோசிக்கிறார் போலும். பெரியாயி சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. தபால் கந்தோர் பள்ளிக்கூடத்திலிருந்து கால் மணி நடை. ரஹ்மத்தும்மாவின் கை பக்கத்தின்மேல் அப்படியே இருந்தது.

"அம்மா" என்றாள் பெரியாயி. "எனக்கும் அந்தப் பேரு அதுல வேணாம்."

அட்கின்ஸ் அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ரஹ்மத்தும்மாவின் கையை மெதுவாக எடுத்து ஒதுக்கிவிட்டு எழுதினார். எழுதியதைத் தமிழில் உரக்கச் சொன்னார். "மேலே கண்ட குற்றம் பொய். செய்தவர் என் முன்னால் வந்து ஒப்புக்கொண்டார். அவர் அப்போது சிறுபிள்ளை." தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

ரஹ்மத்தும்மா பெருமூச்சு விட்டு முக்காட்டைச் சரிசெய்தாள். வாசலில் பெரியாயியைக் கடக்கும்போது நின்றாள். "இனி எங்கட வூட்டுக்கு வராத புள்ள. கோவத்துல செல்லல்ல. ஒன்னக் கண்டா இவள் அழுவாள். அத எண்ட மகன் பாப்பான்."

ஜெனீரா பெரியாயியின் விரலை ஒரு கணம் பற்றிப் பிடித்தாள். மாமியின் பின்னால் போய் வண்டியில் ஏறினாள்.

"கதவைச் சாத்து" என்றார் அட்கின்ஸ் அம்மா. "செவ்வாய்க்கிழமை உன்னிடம் ஒன்று கேட்டேன். உனக்குத் தெரியாது என்றாய்."

"பொய் சொன்னேன் அம்மா. அதச் சொல்லத்தான் இன்னிக்கி வந்தேன்."

"இவர்கள் வராதிருந்தால் பெயரைச் சொல்லியிருப்பாயா?"

"இல்ல அம்மா."

அட்கின்ஸ் அம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். வேகமாக எழுதினார், ஓரிடத்தில் நின்று, ஒரு சொல்லை அடித்து, மறுபடி எழுதினார். முடித்ததும் தாளைப் பெரியாயியிடம் நீட்டினார். வழக்கமாக இப்படிப்பட்ட கடிதத்தைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டுவதில்லை. அவள் வாங்கி வாசித்தாள்.

'இந்தப் பெண்ணோடு எனக்குப் பதினொரு நாள்தான் பழக்கம். மூன்று வருஷம் அறிந்தவர்கள் எவரும் இன்று இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. சிறு பிள்ளைகளுக்கு அவள் பாடம் சொல்வதை நான் நேரில் பார்த்தேன், பொறுமை உள்ளவள். அவள்மேல் எழுதப்பட்டிருந்த ஒரு குற்றம் பொய் என்று இன்று எனக்குத் தெளிவாயிற்று. இந்தப் பதினொரு நாளில் அவள் என்னிடம் ஒரு பொய் சொன்னாள். வேறொருவரைக் காப்பதற்காகச் சொன்னாள். அதனால் அவளுக்கு நஷ்டமே வந்தது. பிறகு கேளாமலே ஒப்புக்கொள்ள வந்தாள். உங்கள் விதிக்கு இந்தக் கடிதம் பொருந்தாது. ஆனாலும் அவளைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.'

பெரியாயி இரண்டாம் முறை வாசித்தாள். "அந்தப் பொய்ய எடுத்துட முடியாதா அம்மா?"

"எடுக்கலாம். அப்போது நான் உன்னைப் பற்றி உண்மையாகத் தெரிந்துகொண்டது ஒன்றும் இதில் இருக்காது. நீ நன்றாகக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று மட்டும் இருக்கும். எது வேண்டும், சொல். நேரமில்லை."

சுவர்க் கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து காட்டியது. பொய் சொன்னவள் என்று எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கலாசாலை தன்னைச் சேர்க்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படியே அனுப்புங்க."

அட்கின்ஸ் அம்மா விண்ணப்பத்தோடு சேர்த்து உறையிலிட்டு அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். அரக்கு ஆறுவதற்கு முன்பே பெரியாயி அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். கடைவீதியில் பெண்பிள்ளை ஓடுவதை ஆட்கள் நின்று பார்த்தார்கள். கந்தோர் வாசலில் தபால் வண்டியில் குதிரை பூட்டியாகிவிட்டது. உள்ளே குமாஸ்தா பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மூடியாச்சு. நாளைக்கு வா."

"நாளைக்குப் போட்டா போயிச் சேராதுங்க. சனிக்கிழமதாங்க கடைசி நாள். ஐயா, மூணு நாளா இதுக்காகத்தான் நடக்குறேன்."

அவர் அவளுடைய சேற்றுக் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். கடிதம் உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள். கிறிஸ்மஸ் போனது. ஒண்ணாந் தேதி வந்ததும் கங்காணி அவள் பெயரைப் பெரட்டில் சேர்த்துவிட்டார். பெரியாயி ஆத்தாளின் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து எடுத்தாள். விரல் நுனிகள் கறுத்து வெடித்தன. வேகம் போதாது என்று கங்காணி இரண்டு தடவை சத்தம் போட்டார். கருப்பம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளி மகளின் கூடையில் போட்டாள். மகளோடு அவள் பேச ஆரம்பித்திருந்தாள். ஆனால் கொழும்பைப் பற்றி இருவரும் பேசவில்லை.

திங்கட்கிழமை, ஐந்தாந் தேதி, தூறல் விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்துத் தபாற்காரர் மலைச்சரிவில் ஏறி வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு உறையைக் கொடுத்தார். பெரியாயி அதைத் தலையில் போட்டிருந்த கம்பளியின் கீழ் மறைத்துக்கொண்டு, குனிந்து பிரித்தாள். ஒரே பக்கம். முதலில் வாசித்தபோது எழுத்துகள் ஓடின. மறுபடி வாசித்தாள்.

"என்னடி?" என்றாள் கருப்பம்மா, கையை நிறுத்தாமல்.

"சேத்துக்கிட்டாங்க ஆத்தா. ஆறு மாசம் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம். வார வெள்ளிக்கிழமைக்குள்ள வரச் சொல்லியிருக்கு."

"ஆறு மாசத்துக்குப் பொறகு?"

"அவங்களுக்குப் புடிச்சா வச்சுக்குவாங்க."

கருப்பம்மாவின் கை நின்றது. நிரையின் மறுகோடியில் கங்காணி குடையைச் சாய்த்துக்கொண்டு இவர்களையே பார்த்தார். கருப்பம்மா அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். முகம் முழுக்க ஈரம். மழைத் தண்ணீரா, வேறா என்று தெரியவில்லை.

"வெள்ளிக்கெழமைன்னா நாலு நாளு இருக்கு" என்றாள். "சீலை ரெண்டத் தோச்சுக் காயப்போடணும். இந்த மழையில எங்க காயப்போடுறது?"

பெரியாயி கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். அந்த நிரையில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.